புதன்கிழமை அடித்த பெற்றோல்

17.6.96 திங்கள்

மழை. எம்.பி.யின் மனுகாவ் அலுவலகத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஃபாக்ஸ் தாள் வாங்க வேண்டும். மகளுக்கு மழைக்கோட்டு.

மத்தியானம் எம்.பி. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வியாழன் பட்ஜெட்டில் பெற்றோல் வரி ஏறுகிறது, அன்று நள்ளிரவு முதல். கட்சி முடிவாம். இவரும் ஆதரித்துத்தான் வாக்களிப்பாராம். புது வரி எதற்கும் கை தூக்கமாட்டேன் என்று தேர்தலில் ஊரெல்லாம் சொன்ன அதே வாய். "ஃபோன் நிறைய வரும், பொறுமையாகப் பதில் சொல். அதுவரை மூச்சு விடாதே." தலையாட்டினேன். வேலை வேண்டுமே.

18 செவ்வாய்

குளிர். கத்தரிக்காய்க் குழம்பு, உப்புக் கூடிவிட்டது.

தேர்தலுக்கு முன் சர்ச் மண்டபத்தில் எம்.பி.யின் பேச்சைத் தமிழில் சொன்னது நான்தான். சொன்னதோடு நின்றேனா? "இவர் சொல் தவறினால் என்னைக் கேளுங்கோ" என்று நானாகச் சேர்த்தேன். யார் கேட்டது? வாய்க்கொழுப்பு. அதை நம்பித்தான் அன்ரன் அண்ணை டாக்சியின் பின் கண்ணாடியில் எம்.பி.யின் ஸ்டிக்கரை ஒட்டினார். வயதானவர்களை வாக்குப்போடச் சும்மா ஏற்றிப் போனார். மன்னார் மனிசர், அப்படித்தான்.

இரவு அவரே ஃபோன்.

"தங்கச்சி, ஃபாக்டரி வேலையை விட்டுட்டு முழுநேரமா டாக்சி ஓடலாமெண்டு யோசிக்கிறன். பெற்றோல் ஏறுமெண்டு பெடியள் கதைக்கிறாங்கள். உமக்கு ஏதும் தெரியுமோ?"

"ஒண்டும் கேள்விப்படேல்லை அண்ணை."

எவ்வளவு லேசாக வந்தது.

19 புதன்

மழை விட்டது. பள்ளியிலிருந்து மகளை ஏற்றினேன். வழியில் கார் தன்பாட்டில் பெற்றோல் நிலையத்துக்குள் திரும்பியது. டாங்க் முட்ட அடித்தேன். "ஸ்டில் ஹாஃப் ஃபுல், மம்" என்றாள் மகள். பேசாமல் இரு என்றேன். சீ, என்ன பிறவி நான்.

அன்ரன் அண்ணை இன்று வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவர் மனைவி மேரி அக்கா ஒடாஹுஹு மீன்கடையில் கண்டு சொன்னா. சந்தோஷமாகச் சொன்னா. நான் விளைமீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

20 வியாழன்

அலுவலக ரேடியோவில் பாராளுமன்ற விவாதம். எம்.பி.யின் முறை. கனத்த மனதோடு ஆதரிக்கிறாராம். குரல் கொஞ்சமும் கனக்கவில்லை. எதிர்ப்பக்கம் கூச்சல், சிரிப்பு. வாக்கெடுப்பு. முடிந்தது.

வீடு வரும் வழியெல்லாம் பெற்றோல் நிலையங்களில் கார் வரிசை. நான் நிற்கவில்லை.

21 வெள்ளி

ஃபோன். ஃபோன். "பொய்யர்" என்று கத்திய கிழவியிடம் மன்னிப்புக் கேட்டேன். யாருக்காகக் கேட்டேனோ. அன்ரன் அண்ணை மட்டும் எனக்கு ஃபோன் எடுக்கவில்லை. எடுத்து ஏசியிருந்தால் நிம்மதி.

23 ஞாயிறு

வெயில். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர், பற்றிஸ். ஒருவர் நேரே கேட்டார்: "உங்களைக் கேக்கச் சொன்னனீங்கள். இப்ப கேக்கிறம்." வாய் திறக்க முன் அன்ரன் அண்ணை குறுக்கே வந்தார்.

"பிள்ளையை விடுங்கோ. அவன் உவளையும் சேர்த்து ஏமாத்திப்போட்டான். தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லியிருப்பாள்."

எல்லாரும் அடங்கினார்கள். நானும்.

வெளியே டாக்சியடியில் நின்றார். கண்ணாடியில் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம். ஃபாக்டரியில் திரும்பக் கேட்டாராம், அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்றாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, "தங்கச்சி, பெற்றோல் விக்கிற விலையில உம்மட காரை ஏன் எடுக்கிறீர்? வாற ஞாயிறு நான் வந்து ஏத்துறன்."

வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும் என் மகளுக்கு, இன்று தமிழ் வந்தது.

"பரவாயில்லை அங்கிள். அம்மா புதன்கிழமையே ஃபுல் டாங்க் அடிச்சவ."

அண்ணை என்னைப் பார்த்தார். "புதன்கிழமையோ," என்றார்.