ஜெனியின் கிட்டார், வாடகையா விலைக்கா

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்தே தூறல். துணி எதுவும் காயவில்லை. ஜெனியின் யூனிபார்மை ஃபேனுக்கு அடியில் நாற்காலி மேல் விரித்துப் போட்டேன். வாசலில் கிடந்த அவருடைய ஃபேக்டரி ஷூவை நனையாமல் உள்ளே எடுத்து வைத்தேன். யாருக்கு என்று தெரியவில்லை.

பூசை முடிந்து இறங்கும்போது மாதா கோயில் படியில் ஜெனி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, எனக்கு கிட்டார் வேணும்."

நவம்பரில் இவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பெண் வாய் திறந்து ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. செருப்பு அறுந்ததைக்கூடச் சொல்லாமல் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு போனவள்.

பாடகர் குழு மாஸ்டரிடம் கேட்டேன்.

"ஒன்பது வயசுதானே? முதல்ல வாடகைக்கு எடுங்கம்மா. பாதிப் பிள்ளைங்க விரல் வலிக்குதுன்னு ரெண்டு மாசத்துல விட்டுடும். அப்புறம் பீரோ மேல கிடக்கும். சின்ன சைஸ் கேளுங்க. நைலான் கம்பி கேளுங்க. இரும்புக் கம்பின்னா வேணாம்னுட்டு வந்துடுங்க."

சைஸ் சின்னது. கம்பி நைலான். மறக்கக் கூடாது.

ஜூன் 16, திங்கள்

கார்மென்ட்ஸ் தையல் லைனில் இன்று முழுக்க சட்டைக் காலர். பச்சை நூலையே பார்த்துப் பார்த்துத் தலைவலி. ஓ.டி. இல்லை.

கோலார் தங்கவயலிலிருந்து அண்ணி போன். அவருடைய அக்கா. கிட்டார் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அறிவிருக்காடி உனக்கு? தம்பிக்கு வருஷப் பூசை இன்னும் ஆகல. அது வரைக்கும் வீட்டுக்குள்ள புதுசா ஒரு கரண்டி வரக்கூடாது. இதுல பாட்டுச் சாமான் கேக்குதா?"

"குழந்தை கேக்குது அண்ணி."

"கேக்கும். அது குழந்தை. நீ யாரு?"

கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. ஈஸ்டருக்குத் துணி எடுக்கவில்லை. அதெல்லாம் எனக்கும் சம்மதம்தான். ஆனால் இவள் கேட்டுவிட்டாளே.

"வாடகைக்குத்தான் அண்ணி. புதுசும் இல்ல, நம்மளுதும் இல்ல."

"வாடகைன்னா சரி. போய்த் தொலை."

யோசித்துப் பார்த்தேன். வாடகை என்றால் இவள் வளர வளர சைஸ் மாற்றலாம். கம்பி அறுந்தால் கடைக்காரர் பாடு. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அண்ணிக்கும் கோபமில்லை. வாங்கினால் இதில் ஒன்றும் இல்லை. வாடகைதான். முடிவு.

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. துடைக்கவே அரை மணி.

ஜூன் 21, சனி

அரை நாள் லீவு. அடுகோடி பக்கம் கடை. உள்ளே வார்னிஷ் வாசனை. சுவர் முழுக்க கிட்டார் தொங்குகிறது, கறிக்கடை மாதிரி.

சின்னது ஒன்றை எடுத்து ஜெனி மடியில் வைத்தார் கடைக்காரர். வைத்ததும் அவள் முகவாய் தானாகப் போய் அதன் மேல் உட்கார்ந்தது. ஒரு கம்பியைத் தட்டினாள். திரும்பவும் அதையே தட்டினாள்.

"அம்மா, வயித்துக்குள்ள கேக்குது."

அந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாசம்.

வாடகை பற்றிக் கேட்டேன். கடைக்காரர் நல்ல மாதிரி. "உங்களுக்குத் தொந்தரவே இல்ல மேடம். வேணாம்னு தோணுச்சா, ஒரு போன். நம்ம ஆளு வண்டி எடுத்துட்டு உங்க வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

ஜெனி கிட்டாரை மெதுவாகக் கவுண்டர் மேல் வைத்தாள். "வேணாம்மா."

"ஏண்டி?"

"விரல் வலிக்குது."

"இஷ்டு பேகவா!" என்று கடைக்காரர் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். "இவ்ளோ சீக்கிரமாவா? இன்னும் வாசிக்கவே இல்லையே பாப்பா."

எனக்கு வந்ததே கோபம். லீவு போட்டது, அண்ணியிடம் திட்டு வாங்கியது எல்லாம் சேர்ந்து. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் விவேக் நகர் வரைக்கும் திட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

மழை. சாயங்காலம் ஜடை போட உட்கார வைத்தேன். ஜடை போடும்போதுதான் இவள் பேசுவாள். என் முகத்தைப் பார்க்க வேண்டாமே.

"அதையும் எடுத்துட்டுப் போயிடுவாங்கல்ல?"

"எதை?"

"கிட்டாரை. கட்டில் மாதிரி."

"எந்தக் கட்டில்?"

"அப்பா கட்டில்."

அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகு, தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தோம். அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள்கூட இன்னும் கிளம்பவில்லை, வாடகைக்குக் கொடுத்தவர் டெம்போவோடு வந்துவிட்டார். ஜெனி அதில் படுத்திருந்தாள். அப்பாவின் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "பாப்பாவை இறக்குங்கம்மா, வண்டி நிக்குது." இறக்கினேன். அந்த ஆள் மேல் தப்பில்லை. அவர் சாமான், அவர் எடுத்தார்.

வாடகை வாடகை என்று நான் சொன்னபோதெல்லாம் இவள் காதில் அந்த டெம்போதான் வந்து நின்றிருக்கிறது.

ஜடை கோணலாகப் போயிற்று. அவிழ்த்து மறுபடி போட்டேன்.

அண்ணிக்கு நானே போன் செய்தேன். "விலைக்கே வாங்கப் போறேன் அண்ணி."

"வருஷம்?"

"வருஷம் முடியட்டும்னு இருந்தா இவ இன்னொரு தடவை கேக்கமாட்டா." கட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அண்ணி சொன்னார்: "நான் வாங்காதேன்னுதான்டி சொல்லுவேன். நீ வாங்கு."

ஜூன் 24, செவ்வாய்

பர்மிஷன் போட்டு சீக்கிரம் கிளம்பினேன். அதே கடை, அதே சின்ன கிட்டார். உறை சேர்த்து. வாங்கியாயிற்று.

கடைக்காரர் உறைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தார். ஜெனி கேட்டாள், "அங்கிள், நீங்க எங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"கூப்பிட்டா வரேன் பாப்பா. காபி குடுப்பியா?"

இவள் முகம் செத்துப்போயிற்று. நான் குறுக்கே விழுந்தேன். "வரவேணாம் சார். எப்பவுமே வரவேணாம்."

"யாக்கம்மா, ஏன்? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

பாவம் மனிதர். என்ன சொல்வது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். ரோட்டில் வந்ததும் எனக்குச் சிரிப்பு. ஜெனிக்கும். பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூன் 25, புதன்

வேலை முடிந்து வந்தால், கிட்டார் முகத்தில், அந்த ஓட்டைக்குக் கீழே, காம்பஸ் முனையால் ஜெனி என்று கீறி வைத்திருக்கிறாள். பெரிய எழுத்து. வார்னிஷ் உரிந்து வெள்ளை மரம் தெரிகிறது. வாங்கி ஒரே நாள்தான் ஆகிறது.

அடிக்கக் கை ஓங்கினேன்.

"இனிமே யாரும் எடுத்துட்டுப் போக முடியாதுல்லம்மா?"

கை அப்படியே இறங்கிவிட்டது. "முடியாது," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பால்பாயின்ட் பேனாவை எடுத்து வந்தாள். "கையை நீட்டு." நீட்டினேன். முழங்கைக்குக் கீழே ஜெனி என்று எழுதினாள். அழுத்தி, இரண்டு தடவை. வலித்தது.

"குளிச்சா போயிடுமேடி."

"போனா மறுபடி எழுதுவேன்."

ஜூன் 26, வியாழன்

வெயில். காலையில் தண்ணீர் வந்தது, எல்லாக் குடமும் பிடித்துவிட்டேன். ரேஷனுக்குப் போக வேண்டும். குளிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் சோப்பு போடவில்லை.