வில்லுக்கு மூச்சு வேண்டாம்

பதுளை,
நவம்பர் 9.

அன்பு மருமகள் பிரஷாந்தினிக்கு, மெல்பேர்ணில் நீ நலமாயிருக்க முருகன் துணை.

இனி எழுதப்போவதை ஊவா மாகாணத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பவேண்டாம். ஆனால் முழுசாக வாசி. என் கூடப்பிறந்த உன் அம்மாவிடம் காட்டாதே.

நீ அனுப்பிய வயலின் இசையை ரிஷி, ஸலீம், நான் என்று நம் பேண்டின் மூன்று சாக்ஸபோனுக்கும் உன் பியானோவுக்குமாகப் பிரித்து எழுதிவிட்டேன். முந்நூறு வருஷத்துக்கு முந்தி அதைச் செய்த மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாது. வில்லுக்கு மூச்சு வேண்டாம் என்ற தைரியத்தில் இரண்டு பக்கத்துக்கு ஓர் இடைவெளி விடவில்லை. முதல் நாள் ஊதியதில் ரிஷி ஹாலிஎல வரை பறந்துபோய் பஸ்ஸில் திரும்பினான். ஸலீம் இழுத்த மூச்சில் பஜார் குடைகளெல்லாம் விரிந்துகொண்டன.

ஆகவே நம் சாவு வீட்டு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து குழி வரைக்கும் பேண்ட் சத்தம் அறக்கூடாது. ஒருத்தர் மூச்செடுக்கும்போது பக்கத்து ஆள் ஏந்திக்கொள்ளவேண்டும். யார் எங்கே மூச்செடுப்பது என்று சிவப்புப் பென்சிலால் குறித்தேன். ஆக நீளமான வரி எனக்கு. மாஸ்டர் அல்லவா.

போன ஞாயிறு அதைக் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தேன். நடுவில் எனக்கு மூச்சே இல்லை. இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால் இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் என் சுரங்களை ஊதுகிறார்கள். அவர்கள் தாள்களில் என் வரி முழுசாக எழுதியிருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். லுணுகலைச் சாவு வீட்டிலிருந்தே இப்படித்தான் சமாளிக்கிறோம் மாஸ்டர், நீங்க கவனிக்கலையா என்றான் ஸலீம். ரிஷி சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மகளே.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அலுமாரியில் கிடக்கிறது. வலது நெஞ்சில் நமுனுகுலை மலையளவு மேகம். ஸ்கேனுக்கு இரண்டு தரம் திகதி கொடுத்தார்கள். முதல் தரம் யானை வழிமறித்தது. இரண்டாம் தரம் பாலம் எழுந்து நடந்துபோய்விட்டது. மூன்றாவது திகதி டிசம்பர் மூன்று.

நம் கச்சேரிக்கு நீ டிசம்பர் பன்னிரண்டாம் திகதிதான் வருவதாகச் சொன்னாய். இரண்டாம் திகதியே வந்துவிடு. பயிற்சிக்கு என்று அம்மாவிடம் சொல். என் வரியை உன் இடது கைக்கும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், பழகிக்கொள். மேடையில் நான் நிறுத்தினால் திரும்பிப் பார்க்காதே, வாசித்துக்கொண்டே போ.

ரிஷி பறக்கவில்லை. யானையும் வரவில்லை. அந்த மேகம் மலையளவு இல்லை, ஒரு நெல்லிக்காயளவுதான், ஆனால் இருக்கிறது.

உன் கைகளுக்கு ஆயுசு நீளட்டும்.

மாமா
லிங்கம்