கீழே என்ற சொல்

மார்ச் 3

அன்புள்ள பஞ்சுவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் நாடித்துடிப்பை எண்ணுவதற்கென்றே பூமியில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிமேல் திரையில் பேச வேண்டாம். போன ஞாயிறு விண்வெளி நிலையத்திலிருந்து வந்த முகம் உன்னுடையதாக இல்லை. கன்னம் உப்பி, கண் இடுங்கி, யாரோ ஒரு குண்டுப் பெண் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தாய். அதனால்தான் உன் அப்பா பஞ்சு என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் பார்த்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பார்.

கடிதம் எழுது. உங்கள் அலுவலகப் பெண் வெள்ளிதோறும் அச்செடுத்துக் கொண்டுவருகிறாள். என் கடிதத்தையும் படமெடுத்து அனுப்புகிறாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தத் தெரிந்த பெண்.

உன் முதல் கடிதத்தில் ஒரு பிழை. "பேனா கீழே விழுந்துவிட்டது, தேடி எடுத்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அங்கே கீழே ஏது? விழுவதுதான் ஏது? சிவப்பில் சுழித்திருக்கிறேன். கான்வென்டில் எனக்குப் பாடம் எடுத்த சிஸ்டராக இருந்தால் நூறு முறை எழுத வைத்திருப்பார்.

அன்புடன்,
அம்மா

மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

பிழையை ஒப்புக்கொள்கிறேன். நூறு முறை எழுத மட்டும் சொல்லாதீர்கள், பேனா பறந்துவிடும்.

முகம் உப்பியதற்கு நான் பொறுப்பல்ல. காலுக்கு இறங்க வேண்டிய நீரெல்லாம் இறங்க வழி தெரியாமல் தலைக்கு ஏறிவிட்டது. மூளைகூட மண்டைக்குள் கொஞ்சம் மேலே நகர்ந்து உச்சியோடு நெருங்கி உட்காருமாம். வீடு மாறியதுபோல.

காதுக்குள் மணல் மாதிரி பொடிக் கற்கள் இருக்கின்றன, அம்மா. எது கீழ்ப்பக்கம் என்று மூளைக்குச் சொல்வது அவைதான். இங்கே வந்ததும் அவை வாயடைத்துப் போயின. மூளை நாலு நாள் கேட்டுக் கேட்டுப் பார்த்தது, எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டது. இப்போது நான் கூரை என்று நினைப்பது கூரை, தரை என்று நினைப்பது தரை.

நேற்று விழித்தபோது முகத்துக்கு எதிரே இரண்டு கைகள் மிதந்துகொண்டிருந்தன. யாருடையவை என்று வெகுநேரம் பார்த்திருந்தேன். ஒன்றில் நீங்கள் போட்டுவிட்ட மோதிரம். கனவும் அப்படித்தான். நம் வீட்டு நடைவழியில் மிதந்து போகிறேன். நீங்கள் அறை வாசலில் நின்று, "சுவத்துல கை வைக்காதே, அழுக்காகும்" என்கிறீர்கள்.

வாரம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு நேர்க்கோடு போட வேண்டும். மூளை எவ்வளவு தடுமாறுகிறது என்று அதில் தெரியுமாம். என் கோடு வாரத்துக்கு வாரம் சாய்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். மே இருபதுக்குள் பதில் வேண்டுமாம். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். என்ன சொல்லட்டும்?

உங்கள் பஞ்சு

ஏப்ரல் 3

அன்புள்ள பஞ்சுவுக்கு,

என்னைக் கேட்பானேன்? நாற்பது வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவள் நான். உன் அப்பா போன பிறகு ஆறு வருடமாக ஒருவர் தயவும் இல்லாமல் இருக்கிறேன். ஆறு மாதம் என்ன, ஒரு வருடம் இரு.

வீட்டில் சில மாற்றங்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டேன், காற்று நன்றாக வருகிறது. மேல் அலமாரிப் பாத்திரங்களையெல்லாம் கீழே இறக்கிவிட்டேன், கைக்கு வசதி. கண்ணாடி விளக்கு உடைந்தது. அது பழசு. நூலகத்துக்குப் போவதில்லை, கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் புத்தகம் எடுத்து வருகிறார். அவர் ரசனையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது.

"குமட்டிக்கொண்டு வந்தது" என்பதற்குப் பதில் "குமட்டியது" போதும்.

அம்மா

ஏப்ரல் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒருமுறை படிக்காமல், வெறுமனே பார்த்தேன். கோடில்லாத தாளில் நூல் பிடித்ததுபோல் எழுதுகிறவர் நீங்கள். இந்தத் தடவை வரிகளெல்லாம் வலப்பக்கம் சரிகின்றன.

நம் வீட்டில் ஏன் எல்லாமே சுவரோரமும் கீழேயும் போகின்றன?

எனக்காக ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு அனுப்புங்கள்.

பஞ்சு

ஏப்ரல் 24

பஞ்சு,

கோடு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. போதுமா? எழுபத்திரண்டு வயதில் பெற்றவளுக்குப் பரீட்சை வைத்த மகள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

அம்மா

மே 6

அன்புள்ள அம்மாவுக்கு,

கோடு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவு நேராகக் கோடு போட்டவர் மனித குலத்தில் கிடையாது என்கிறார் இங்கிருக்கும் டாக்டர்.

எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டில் பதினோராவது சென்டிமீட்டரில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. ஐந்து வயதில் உங்கள் மர ஸ்கேலைக் கடித்து நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அது என் பல், அம்மா.

நேர்க்கோடு எனக்கு வேண்டாம். இங்கே என் மூளை தினமும் என்னிடம் பொய் சொல்கிறது. அதை மன்னித்துவிடுகிறேன், அதற்குப் பாவம் வேறு வழியில்லை. நீங்களுமா?

இருபதாம் தேதி நான் பதில் சொல்லியாக வேண்டும்.

பஞ்சு

மே 14

அன்புள்ள பஞ்சுவுக்கு,

நான் கீழே விழுந்தேன். இந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

மூன்று தடவை. பிப்ரவரியில் குளியலறையில், மார்ச்சில் விளக்கோடு, போன மாதம் படிக்கட்டில். மூன்றாவது தடவை மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து, "பாட்டி, பாட்டி, என்னாச்சு?" என்றார். "மேடம்" என்று திருத்தினேன், தரையில் கிடந்தபடியே. அவர் சிரித்துவிட்டார். நானும்தான். டாக்டரிடம் கூட்டிப்போனது அவர்தான். காதுக்குள் கல் இடம் மாறியிருக்கிறதாம். உன் கற்கள் வாயடைத்துப் போயின என்றாய். என்னுடையவை ஊர் சுற்றக் கிளம்பிவிட்டன. தலையைச் சாய்த்துத் திருப்பும் பயிற்சி ஒன்று சொல்லியிருக்கிறார். தவறாமல் செய்கிறேன்.

காலையில் கண் திறந்தால் அறை மெல்லப் புரள்கிறது. ஜன்னல் மெதுவாக மிதந்து கதவு இருந்த இடத்துக்கு வருகிறது, தயங்குகிறது, திரும்பிப் போகிறது. முதலில் பயந்தேன். இப்போதும் பயம்தான். ஆனால் ஒரு நொடி, எது மேல் எது கீழ் என்றே தெரியாத அந்த ஒரு நொடியில், நீ இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருக்கிறது. உன் அந்தக் குண்டு முகத்தைத் தேடுகிறேன்.

அம்மா தடுமாறுகிறாள் என்று நீ பாதியில் இறங்கி வந்ததாக நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் ஸ்கேல். கடிதத்தில் திருத்தியது போதும், என்னையும் திருத்திக்கொள்கிறேன். ஆறு மாதம் வேண்டாம். முதலில் சொன்ன தேதிக்கே வா.

வந்ததும் உனக்கும் நேராக நடக்க வராதாம். டம்ளரைக் காற்றில் விட்டுவிட்டு, அது அங்கேயே நிற்கும் என்று நினைப்பாயாம். அலுவலகப் பெண் சொன்னாள். நல்லதாகப் போயிற்று. நடைவழிக்கு இரண்டு சுவர். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் உனக்கு. தாராளமாகக் கை வை. அழுக்கானால் ஆகட்டும்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: பின்பக்கம் ஒரு கோடு இருக்கிறது. இந்தத் தடவை கண்ணை மூடித்தான் போட்டேன். பாதியிலேயே தாளை விட்டு வெளியே போய்விட்டது. மீதி மேசைமேல் இருக்கிறது. துடைக்கவில்லை. வந்து பார்.