வியாழன் வரை தாங்குமா?

மார்ச் 30

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணனின் கோபமும் நலமாகவே இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். பகல் முழுக்க நான் டிக்கெட் கவுண்டரில். என் முதுகுக்குப் பின்னால் உன் அண்ணனின் மேஜை. உன் பேச்சை எடுத்தால் மனுஷருக்குக் காது விடைத்துக்கொள்கிறது. எழுதினால் ஏதோ பட்டியல் போடுகிறேன் என்று விட்டுவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உங்கள் 'வியாழனில் ஒரு வீடு' படத்தின் டிரெய்லர் நம் தியேட்டர் திரையில் ஓடியது. விநியோகஸ்தர் எல்லாத் தியேட்டருக்கும் அனுப்பியிருக்கிறார். உன் அண்ணன் பார்க்காமலே ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டார். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் நான் கவுண்டரைப் பூட்டிவிட்டு ஓடிப்போய்க் கதவோரம் நின்றேன். பலூனில் தொங்குகிற அந்த வீடு புயலில் ஆடியதே, அப்போது மூன்றாவது வரிசையில் ஒருவர் பாப்கார்ன் பொட்டலத்துக்குள் விட்ட கையை வெளியே எடுக்க மறந்துவிட்டார். கடைசியில் 'ஒலி வடிவமைப்பு' என்று போட்டு உன் பெயர் வந்தது. கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன், அதனால் என்ன.

திரும்பினால் பக்கத்திலேயே உன் அண்ணன். "வியாழன்ல தரையே கிடையாதாம், வெறும் காத்தாம். அதுல வீடு கட்டுறாங்களாம். வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகி இது வியாழன் வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிண்டல்தான். ஆனால் நீங்கள் சண்டை போட்டுப் பிரிந்த இந்த இரண்டு வருடத்தில் தங்கச்சி வேலையைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். படம் எப்படி? என்னிடம் மறைக்காமல் சொல்.

உன் அண்ணி

---

ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாப்கார்ன் பகுதியை இயக்குநருக்கும் படித்துக் காட்டினேன். பாவம், பத்து நாளாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார்.

படம் நன்றாக வந்திருக்கிறது அண்ணி. ஓடுமா என்பது வேறு கேள்வி. ஊர் பேர் தெரிந்த கதாநாயகன் இல்லை. சண்டை இல்லை. வியாழன் கிரகத்தின் மேகத்தில் மிதக்கும் ஒரு வீட்டில் தனியாக இருந்து, அங்குள்ள கருவிகளைப் பழுது பார்க்கிற ஒரு எலக்ட்ரீஷியன் பெண். அவ்வளவுதான் கதை. அதே மே 8-ஆம் தேதி பெரிய நடிகரின் படமும் வருகிறது, போஸ்டரில் கோடாரியோடு நிற்பாரே, அது. சினிமா வணிகப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது: பெண்களுக்கு இது பிடிக்காதாம், சிறுவர்களுக்குப் புரியாதாம், இளைஞர்கள் கோடாரிப் பக்கம் போய்விடுவார்களாம். மிச்சமிருப்பது நாய்க்குட்டிகள்தான். அவற்றுக்கு யார் டிக்கெட் கொடுப்பது?

சிரித்துக்கொண்டு எழுதினாலும் பயமாகத்தான் இருக்கிறது. பதினான்கு மாத வேலை. இது விழுந்தால் இந்த மாதிரிப் படத்துக்கு இன்னொரு தடவை யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

அண்ணாவிடம் எனக்காகப் பேசாதீர்கள். அந்தப் பேய்ப் படத்தை நம் தியேட்டருக்கு எடுக்கச் சொன்னது நான். மூன்றாம் நாளே பெட்டி கட்டியது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "உங்க ஸ்பீக்கர்ல பேய் வந்தாலும் கொசு வந்த மாதிரிதான் இருக்கும்" என்று ஊழியர்கள் முன்னால் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "இனிமே உன் கை பட்ட படம் இந்தத் திரையில ஓடாது" என்று அவர் சொன்னது அதற்கப்புறம்தான். ஊழியர்கள் சிரித்ததற்குத்தான் அவர் கோபப்பட்டார், அது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
வாலு

---

ஏப்ரல் 20

அன்புள்ள வாலுவுக்கு,

பேசாதே என்றாய். பேசிவிட்டேன். திட்டுவதென்றால் அடுத்த கடிதத்தில் திட்டு.

முதலில் இதைக் கேள். நீ போன ஆறாவது மாதமே உன் அண்ணன் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. நானும் இத்தனை நாள் கட்டிக் காத்தேன். இனி முடியாது.

அடுத்தது என் ஆராய்ச்சி. வாசலுக்கு இடப்பக்கம் கோடாரி போஸ்டர், வலப்பக்கம் உங்கள் வியாழன். கவுண்டர் ஜன்னலிலிருந்து ஒரு வாரம் பார்த்தேன். கோடாரியை எல்லாரும் பார்க்கிறார்கள், நடந்துகொண்டே. வியாழனைக் கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள், ஆனால் நின்று பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வரும் நர்ஸுகள் இரண்டு பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். நேற்று எலக்ட்ரீஷியன் ஒருவர் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"மேடம், அந்தப் பொண்ணு கையில வெச்சிருக்கிறது டெஸ்டர்தானே?"

"ஆமா. படத்துல அவங்க எலக்ட்ரீஷியன்."

"ஹீரோயினே எலக்ட்ரீஷியனா?" என்றவர், போஸ்டரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, தன் சங்கத்து ஆட்களுக்கு அங்கேயே நின்று அனுப்பினார்.

சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டு உன் அண்ணனிடம் ஆரம்பித்தேன்.

"கோடாரிக்கு நாலு காட்சியும் குடுக்கறீங்களே, காலைக் காட்சிக்கு யாரு வர்றாங்க? ஏ.சி.யில தூங்க வர்றவங்கதானே?"

"அதுக்கு?"

"அதை வியாழனுக்குக் குடுங்க."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"அவ சொல்லாதீங்கன்னா. நான் சொல்றேன். பதினாறு வருஷமா ஜன்னல் வழியா கூட்டத்தோட முகத்தைப் பாக்குறது நான்தான். நீங்க முதுகைத்தான் பாக்குறீங்க."

டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "பத்து மணிக் காட்சி மட்டும். மூணு நாளைக்கு. ஆள் வரலைன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

மூன்று நாள் கிடைத்திருக்கிறது, வாலு! நான் கேன்டீனில் போய் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் கொண்டாடினேன்.

உன் அண்ணி

---

மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

திட்ட வாய் வரவில்லை. ஸ்பீக்கர் செய்தியைப் படித்துவிட்டு ஸ்டூடியோ மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உடனே சிரித்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்குத் தூக்கம் போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இங்கே முன்பதிவு நேற்றுத் திறந்தது. பெரிய தியேட்டர் ஒன்றில் அறுநூறு இருக்கைக்கு இருபத்தொன்பது பேர். அதில் ஆறு பேர் இயக்குநரின் சொந்தக்காரர்கள். கோடாரிக்கு மூன்று நாளும் முழுதாக விற்றுவிட்டது. தயாரிப்பாளர் அலுவலகத்தில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் டிரெய்லருக்குக் கீழே வருகிற கேள்விகளைப் படித்தால் தெம்பாக இருக்கிறது. அந்த வீட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்க, அதற்கு நாற்பது பேர் பதில் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் தப்பு. இருந்தாலும் படம் வருவதற்கு முன்பே அந்த வீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார்களே!

ஒரு உதவி. படம் தொடங்கி முக்கால் மணி நேரத்தில், அவள் வீட்டின் வெளிக்கதவு முதல் தடவையாகத் திறக்கும். அந்த இடத்தில் இசை கிடையாது. கதவின் சத்தம் மட்டும்தான். வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் பிடிவாதமாக வைத்தேன். அப்போது நீங்கள் உள்ளே நின்று கேளுங்கள். கூட்டம் இருமினால், செருமினால், நான் தோற்றேன். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

வாலு

---

மே 11

அன்புள்ள வாலுவுக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கடைசி வரை படி, நடுவில் மூடி வைத்துவிடாதே.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாற்பத்து மூன்று பேர். அதில் நான்கு பேர் தூங்க வந்தவர்கள். சனிக்கிழமை தொண்ணூற்றாறு. அந்த நர்ஸுகள் இரண்டு பேரும் ஏழு பேராக வந்தார்கள். தூங்க வந்தவர் ஒருவர் மறுபடி வந்தார். "நேத்து கண்ணே மூடல. என் வீட்டுக்காரியும் பாக்கணும்" என்று இரண்டு டிக்கெட் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு வாசலில் மூன்று வேன் வந்து நின்றது. எலக்ட்ரீஷியன் சங்கம்! மனைவி மக்களோடு அறுபது பேர் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, என்னமோ ஏதோ என்று தெருவில் போனவர்களும் வரிசையில் நின்றார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருநூற்றுப் பத்து. அவசரத்தில் இரண்டு டிக்கெட்டைத் தாறுமாறாகக் கிழித்துவிட்டேன்.

உன் அண்ணன் தலையை எண்ணுவதற்காக டார்ச்சோடு உள்ளே போனார். கால் மணி ஆயிற்று, வரவில்லை. அரை மணி ஆயிற்று, வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறார். டார்ச்சை அணைக்கவில்லை, அது பாட்டுக்குத் தரையில் வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கிறது. திரையில் அந்தப் பெண் ஈரக் கையோடு ஒரு பெட்டியைத் திறக்கப் போக, முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மெயினை ஆஃப் பண்ணும்மா முதல்ல!" தியேட்டரே அதிர்ந்தது. உன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு நீ சொன்ன இடம் வந்தது. இசை நின்றது. இருநூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. முதலில் தொம்மென்று ஒரு சத்தம், பிறகு கடகடவென்று மேலேறுகிறது, நடுவில் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு கீச்சு.

"ஏய்! இது நம்ம ஷட்டர்!"

கத்தியது உன் அண்ணன். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "சத்தியமா சொல்றேன், நம்ம வாசல் ஷட்டர்தான் இது! என் தங்கச்சி பண்ணின வேலை!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். யாரோ "உக்காருங்க சார், மறைக்குது" என்றார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறவர் யாரை மறைப்பார்? சும்மா சொன்னார்கள் போல. மனுஷர் உண்மையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். படம் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

படம் விட்டதும் முப்பது நாற்பது பேர் கலையாமல் வாசலில் நின்று ஷட்டரை இறக்கி ஏற்றிக் காட்டச் சொன்னார்கள். உன் அண்ணன் ஆறு தடவை காட்டினார். மூன்று நாள் கெடு முடிந்துவிட்டது, அதை அவரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. இன்று திங்கட்கிழமை. பத்து மணிக்கு நூற்று எழுபது பேர்.

இப்போது நீ சொல், அது நம் ஷட்டர்தானா? "நம்மதுதான், ஆனா எதுவோ மாறியிருக்கு" என்று நேற்றிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார்.

உன் அண்ணி

---

மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பதில் எழுத உட்காருவதற்குள் மறுநாள் காலை போன் அடித்தது. அண்ணா.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் என்ன தெரியுமா? "நேத்து காலைக் காட்சி ஹவுஸ்ஃபுல்." ஹலோ கூடக் கிடையாது. நான், "எத்தனை பேர்ண்ணா?" என்று கேட்டேன். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த மாதிரி. அப்புறம் முக்கால் மணி நேரம் வசூல் பேச்சுதான். எந்த ஊரில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, இங்கே அந்த அறுநூறு இருக்கைத் தியேட்டரில் சனி, ஞாயிறு என்ன நிலவரம், எல்லாம் கேட்டார். அங்கும் நிறைந்துவிட்டது என்றதும், "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை.

பிறகு, "ஆமா, ஷட்டர் சத்தத்தை எப்ப எடுத்த?" என்றார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். வரவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன் அண்ணி. சண்டை போட்டுக்கொண்டு நான் கிளம்பினேனே, அன்றைக்கு எடுத்தது. என் தோள்பையில் ரெக்கார்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நான் படி இறங்கியதும் அண்ணா பின்னால் ஷட்டரை இழுத்து மூடினார். ஒரு வருடம் அதைக் கேட்கவே தைரியம் வரவில்லை. படத்தில் இந்தக் கதவுக்கு எத்தனையோ சத்தம் வைத்துப் பார்த்தோம், எதுவும் ஒட்டவில்லை. ஒருநாள் அதை எடுத்துத் தலைகீழாக ஓட்டினேன். மூடின கதவு திறந்தது. அதையே வைத்துவிட்டேன்.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "கெட்டிக்காரிடி நீ" என்றார். "நான்தான் மடையன்." நானும் என்னவோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் குரலைச் சரிசெய்துகொண்டு, "இன்னையிலேர்ந்து வியாழனுக்கு மூணு காட்சி. கோடாரிக்குக் காலைக் காட்சி போதும், தூங்கறவங்க தூங்கட்டும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, 23-ஆம் தேதி, வருகிறேன். மாலைக் காட்சிக்கு எனக்கு ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள்.

வாலு

---

மே 20

அன்புள்ள வாலுவுக்கு,

டிக்கெட் இல்லை.

விளையாடவில்லை. சனி மாலைக் காட்சி நேற்றே விற்றுத் தீர்ந்தது. நர்ஸுகள் மட்டும் முப்பது பேர். ஒலி அமைத்தவளுக்கே இடமில்லை என்று நான் சொன்னபோது உன் அண்ணன் முகத்தில் வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். ஏதோ இவரே வியாழனுக்குப் போய் வீடு கட்டிவிட்டு வந்த மாதிரி.

பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். உங்கள் அப்பா உட்கார்ந்த நாற்காலி அது, இத்தனை வருடத்தில் என்னைக்கூட அதில் உட்கார விட்டதில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டு, உட்கார்ந்து பார்த்தார். எழுந்து இரண்டு அடி தள்ளிப் போட்டார். மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"இங்க இருந்தா திரையும் தெரியும், மொத்தக் கூட்டமும் தெரியும். அவ கூட்டத்தைத்தான் பாப்பா" என்றார்.

"சரி, நீங்க எங்க உக்காருவீங்க?"

"நான் நின்னுக்கறேன். எனக்கு அவ மூஞ்சியைப் பாக்கணும்."

நீ மூன்று மணி பஸ்ஸில் வருவதாகத்தானே அண்ணனிடம் போனில் சொன்னாய்? அதை விட்டுவிட்டுக் காலை பஸ்ஸைப் பிடி. இன்றைக்கே நான்கு தடவை பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டார். நீ மூன்று மணிக்குத்தான் வருவாய் என்றாலும் மனுஷர் விடியும்போதே போய் பஸ் நிலையத்தில் நின்றுவிடுவார், இங்கே காலைக் காட்சிக்கு டிக்கெட் கிழிக்க ஆள் இருக்காது.

உன் வரவை எதிர்பார்த்து,
கவுண்டரிலிருந்து அண்ணி