சுவரில் விட்ட பத்தடி

அன்புள்ள மாப்பிள்ளை மாரிக்கு,

நம் தெருவுக்குக் கரண்ட் வந்து, தசரா ஊர்வலத்தன்று யானைகள் நனைய மழை கொட்டி, உனக்குச் செல்வி பிறந்த வருஷம் நினைவிருக்கிறதா? அந்த வருஷம்தான் கால்வாய்த் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. மார்டள்ளிக் கிராமத்திலிருந்து இந்த ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்த நாமே கரையில் சுவர் வைத்தோம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அந்தச் செல்விதான் இதை எழுதுகிறாள்.

முய்யாள் முறையில் செய்தோம். ஒரு வீட்டுக்கு நீ ஒரு நாள் உழைத்தால், அந்த வீட்டார் உனக்கு ஒரு நாள் உழைக்க வேண்டும். நீ தூக்குக்குண்டு பிடித்தாய், நான் கம்பி வளைத்தேன். உன் மனைவி, என் தங்கச்சி சரசு, கலவை சுமந்தாள். அப்புறம் ஒவ்வொரு மழைக்கு முன்பும் விரிசல்களைப் பூசினோம். யாரும் வந்து கேட்கவில்லை, நாமும் யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் நாம் செய்த தப்பு, மாப்பிள்ளை.

நீ போன பிறகு தண்ணீர் சுவரின் அடியை அரித்துவிட்டது. நகராட்சி ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன். கடைசியில் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். "நீவே சென்னாகி கட்டித்தீரல்லா, யஜமான்ரே!" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். நாமே நன்றாகக் கட்டியிருக்கிறோமாம்! சுவரே இல்லாத தெருக்களுக்குத்தான் முதலில் கட்டுவார்களாம்.

ஆத்திரம் தாங்கவில்லை. இந்த வருஷம் ஒருவரும் அதைத் தொடக்கூடாது, உடைந்தால் உடையட்டும், வந்து பார்க்கட்டும் என்று தெருவில் சொல்லிவிட்டேன். தெருவும் கேட்டது. ஆனால் தண்ணீர் ஆபீசுக்குள்ளா போகும்? போன வாரம் சுவர் விழுந்து, பள்ளத்தில் இருக்கும் உன் வீட்டு அடுக்களை மூழ்கியது.

"அண்ணா, உன்ர வீராப்பு என்ர அடுப்புலதான் வந்து நின்னுச்சு," என்றாள் சரசு, அரிசிப் பானையைக் கவிழ்த்துக்கொண்டே.

"ஆபீஸ்காரன் வருவான்னு..."

"வருவான், வருவான். வந்தா சோறாக்கிப் போடலாம்னா அரிசியும் நனைஞ்சுபோச்சு."

மறுநாள் நான் கூப்பிடாமலே ஆட்கள் வந்தார்கள். ஒருத்தர் கல் கொண்டுவந்தார், இன்னொருத்தர் அரை மூட்டை சிமெண்ட். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதையும் கட்டி முடித்தால் அந்த இன்ஜினியர் மறுபடி வந்து சிரிப்பார் இல்லையா? கட்டாவிட்டால் அடுத்த மழையில் குழந்தைகள் எங்கே படுக்கும்? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

சரசுதான் நடுவில் வந்தாள். "எல்லார் வூட்டுக்கும் கட்டுங்க. என்ர வூட்டுக்கு நேரா மட்டும் விட்டுப்போடுங்க. அதை ஆபீஸ்காரங்க வந்து அடைக்கட்டும்."

"தண்ணி வந்துருமே, புள்ள?"

"வரட்டும். அது என்ர வூட்டுப் பள்ளத்தோட நின்னுக்கும். நான் உன்ர வூட்டுல இருந்துக்கறேன். அண்ணி போனதுலருந்து நீ வெக்கற ரசத்தை நாய்கூட மோந்து பாக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் போட்ட சண்டைக்கு அவள் வீட்டைக் கொடுக்க வேண்டுமா?

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அம்மா வூட்டை விட்டுட்டு வந்ததை அப்பாவுக்குச் சொல்லணுமா, மாமா?" என்கிறாள். எழுது என்றேன்.

மீதிச் சுவரைக் கட்டிவிட்டார்கள்; உன் வீட்டுக்கு நேரே பத்தடி மட்டும் அப்படியே திறந்து கிடக்கிறது. இனி தினமும் ஆபீஸ் படி ஏறுவேன். நம் ஆட்கள் கையால் அதை அடைக்க விடமாட்டேன். அவளை மறுபடி உன் வீட்டில் குடிவைக்காமல் நான் உன்னிடம் வரவும் மாட்டேன். அந்தச் சுவரை முதலில் கட்டியவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான் மாப்பிள்ளை, உன் சரசு.

உன் மச்சான்,
ராசு