பால் இறங்காத நாட்கள்

நவம்பர் 6, திங்கள்

விடியவே மழை. குடைக் கம்பி ஒன்று முறிவு. பாடசாலைக்குப் பத்து நிமிடம் பிந்தி. விடைத்தாள் 43, திருத்தியது 12.

செய்ய: பிள்ளைக்குச் சவர்க்காரம். குடை. பொலிஸ் படிவம்.

தங்கை வதனியின் கணவர் குகன் வவுனியாவிலிருந்து ஆமியின் பயணப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து ஒன்பது நாள். வடக்கிலிருந்து வரும் தமிழர் எவரானாலும் பெயரை எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுக்கார மிஸிஸ் சில்வா படிவத்தில் கையெழுத்தும் போட்டுத் தந்துவிட்டார். கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு, சிங்களம் ஒழுங்காகத் தெரிந்தவள் நான்தானே. வெள்ளி போனேன். பொலிஸ் வாசலில் மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு நின்றவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வேறொன்றும் செய்யவில்லை. நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி, விரல் எல்லாம் குளிர். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் திரும்பி நடந்திருக்கிறேன் என்றே தெரிந்தது.

கொடுத்தாயிற்றா என்று வதனி கேட்டாள். ஓம் என்றேன். படிவம் இன்னும் விடைத்தாள் கட்டுக்குள். நாளை கட்டாயம்.

நவம்பர் 7, செவ்வாய்

குகனைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

காலை பத்து மணி போல, காலி வீதியில், தேநீருக்குப் பால்மா வாங்கப் போன இடத்தில். இன்னும் ஆறு பேருடன். பக்கத்துத் தையல்கடைக்காரர் ஓடிவந்து சொல்லியிருக்கிறார். நான் வீடு வரும்போது வதனி மிஸிஸ் சில்வாவுடன் பொலிஸுக்குப் போய்த் திரும்பியும் விட்டாள். மற்ற ஆறு பேரில் நால்வரை விட்டுவிட்டார்களாம். குகன் பதிந்தாயிற்று என்று சொல்ல, புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள். பெயர் இல்லை. பொய் சொல்கிறவனை விட முடியாதாம்.

"அவங்கள்தான் படிவத்தைத் துலைச்சுப்போட்டாங்கள். நீங்கள் குடுத்தனீங்கள்தானே அக்கா?"

ஓம் என்றேன். இரண்டாம் தடவை.

பிள்ளை பின்னேரம் முழுவதும் அழுகை.

நவம்பர் 8, புதன்

வதனிக்குப் பால் இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து. மார்பு கல் மாதிரி, பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்துகிறது. இரண்டு மாதப் பிள்ளை. மிட்வைஃப் வந்து பார்த்தார். பயந்தால் இப்படித்தான், மனதைச் சந்தோஷமாக வைக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம்.

பால்மா கரைத்துக் கரண்டியால் கொடுத்தோம். பாதி வாந்தி.

வதனி தன்னையே ஏசுகிறாள். நான் என்ன தாய் என்கிறாள். நான் வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பாடசாலைக்குப் போகவில்லை. பொலிஸுக்கும் போகவில்லை.

நவம்பர் 9, வியாழன்

மழை விட்டிருக்கிறது. ஆண்டு 12க்கு உயிரியலில் இயைபாக்கம், நரம்பும் ஓமோனும் சேர்ந்து உடம்பை நடத்தும் விதம். வேண்டுமென்று எடுக்கவில்லை, பாடத்திட்டத்தில் அடுத்தது அது. பிள்ளை உறிஞ்ச நரம்பு வழியே மூளைக்குச் செய்தி. மூளையடியிலுள்ள கபச்சுரப்பி ஓமோனை இரத்தத்தில் விடும். அது மார்புக்குப் போய்ச் சேர்ந்ததும் பால் இறங்கும். தாய் பயந்தால் அதிரனலின் என்ற இன்னொரு ஓமோன் குறுக்கே நிற்கும். பால் இருக்கும், இறங்காது. கரும்பலகையில் அம்புக்குறி போடும்போது சோக் இரண்டு தரம் முறிந்தது.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "மிஸ், அதிரனலின் வந்தா ஓடத்தான் வேணுமா?"

இல்லை என்றேன். உடம்பு ஓட ஆயத்தம் செய்யும், அவ்வளவுதான். ஓடுவதும் நிற்பதும் நாங்கள். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பொலிஸ். அதே மண்மூட்டை, அதே படபடப்பு. உள்ளே போனேன். படிவத்தை மேசையில் வைத்து, குகன் பொய் சொல்லவில்லை, கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னவள் நான் என்றேன். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார் அதிகாரி.

"மம பய வுணா."

பயந்துவிட்டேன். சிங்களத்தில் சொல்வது சுலபமாக இருந்தது. குற்றம் செய்யாதவள் எதற்குப் பயப்பட வேண்டும் என்றார். ஒன்றரை மணித்தியாலம் வாக்குமூலம். மேலிடத்தில் கேட்டு முடிவு சொல்வார்களாம்.

வீட்டில் வதனி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்றாள். சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை எழும்பிவிட்டது.

நவம்பர் 10, வெள்ளி

காலையில் வதனியிடம் சொல்லிவிட்டேன். அவள் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி சுற்றுவது நின்றது.

"பிள்ளை பசியில கத்தேக்கை நான் என்னைத்தானே ஏசினனான். நீங்கள் பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்."

கரைத்த பாலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

நாலு மணிக்குக் குகன் வந்தார். நடந்தே. காரணம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்களாம். இடது காது வீக்கம், அந்தப் பக்கம் கேட்கவில்லை என்கிறார். குளித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

நவம்பர் 11, சனி

குகனைக் காதுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் காட்டினோம். மருந்து, ஒரு கிழமைக்குப் பிறகு வரட்டாம்.

பின்னேரம் வதனிக்குப் பால் இறங்கியது. சட்டை நனைந்ததைப் பார்த்தேன். அவள் என்னிடம் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முதுகு காட்டி இருந்து கொடுத்தாள். படிவ விஷயத்தைக் குகனுக்கு அவளும் இன்னும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கோ என்பது போல இருக்கிறாள்.

நவம்பர் 12, ஞாயிறு

வெயில். துணி தோய்த்தேன். விடைத்தாள் பாக்கி 9.

தேநீர் குடிக்கும்போது குகன் தானாகவே கதைத்தார். அக்கா கொடுத்தவ, அக்கா கொடுத்தவ என்று பொலிஸில் எத்தனையோ தரம் சொன்னாராம். சொல்லச் சொல்ல அடி கூடியதாம். படிவத்தைத் தொலைத்துவிட்டுத் தன்னைப் பொய்யனாக்கிவிட்டார்கள் என்றார்.

வதனி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவங்கள் துலைக்கேல்லை, குகன். நான் குடுக்கேல்லை," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை போலும். வலது காதை என் பக்கம் திருப்பினார். மற்றொரு தரம், சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்குப் பொலிஸ் வாசல்வரை போனதையும் திரும்பியதையும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார். ஏசாமல், மெல்லத்தான் கேட்டார்.

"பயமா இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பனே அக்கா?"