பொத்தானுக்குக் கீழே காலியிடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஒரு கோழை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நலம் விசாரித்துவிட்டு ஆரம்பித்தால் எனக்கு மனசு இளகிவிடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். சரி, இப்போது கேட்கிறேன். நலம்தானே? இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நீ வேலை பார்க்கும் அந்த முதியோர் இல்லத்தில் யாரையும் தனியாகத் தூக்காதே, இன்னொரு ஆளைக் கூப்பிடு என்று எத்தனை முறை சொல்வது?

போனில் பேசாமல் ஏன் மின்னஞ்சலில் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் மகள் குண்டூசி என் தோளில் ஏறி நிற்கிறாள். அதோடு நான் கொஞ்சம் கடுமையாகப் பேசினால் நீ அழுகிறாய். கடைசியில் நான்தான் உன்னைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே புகுந்து அழ முடியாது.

உன் மகளுக்கு நாம் வைத்த பட்டப்பெயர் இந்த வருஷம்தான் முழுசாகப் பொருந்துகிறது. என் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் ஒல்லியாக நீண்டுவிட்டாள். வாயும் குத்துகிறது. நேற்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து, "யாரோ துரத்தற மாதிரியே சாப்பிடற சித்தி" என்றாள். தலையை அவளே வாரிக்கொள்கிறாள். வகிடு மட்டும் இன்னும் கோணல்தான்.

என் வேலையைப் பற்றி நீ கேட்பதே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளுக்கு ஆலோசகர் நான் ஒருத்தி. பள்ளியின் சேர்க்கை விளம்பரத்தில் என் படம் பெரிதாக இருக்கிறது. என் அறைக்கு ஜன்னல் இல்லை. முன்பு விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த அறை அது, இன்னும் பந்து ரப்பர் வாடை போகவில்லை. எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னைத்தான் அனுப்புகிறார்கள். தலைமையாசிரியரிடம் போய், அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னேன். "அழுகைதானே, நாளைக்கும் இருக்கும்" என்றார். அந்த ஆள் கெட்டவர் இல்லை. மார்க் வராத எதுவும் அவர் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் எனக்குச் சிரமமே இல்லை. ஆறு முகங்கள் வரைந்த அட்டையை நீட்டினால் போதும், ஒரு முகத்தைத் தொட்டுவிட்டு வீட்டு ரகசியம் முழுவதையும் கொட்டிவிடுவார்கள். போன வாரம் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பயந்த முகத்தைத் தொட்டாள். பேய், பூதம் என்று நான் எங்கெங்கோ போனேன். கடைசியில் பார்த்தால் கழிப்பறைத் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாழ்ப்பாளை இறக்கி அடிக்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் நானே சுத்தியலோடு போனேன்.

பெரிய வகுப்பில் கதையே வேறு. பிள்ளை வருவதற்கு முன்னால் அப்பா வந்துவிடுவார். பையன் என்ன படிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்து, அதை என் வாயால் சொல்லச் சொல்வார். பையன் கதவுக்கு வெளியே நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நடுவில் இருப்பவர்கள்தான் என் கையில் அகப்படாதவர்கள். ஆறு, ஏழு, எட்டு. முக அட்டையை நீட்டினால் சிரிக்கிறார்கள், நேராகக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நூலகத்து வாசலில் ஒரு பெட்டி வைத்தேன். பெயர் எழுத வேண்டாம், ஒரு சின்னம் வரைந்து கேள்வியை எழுதிப் போட்டால் போதும். பக்கத்துப் பலகையில் அதே சின்னத்தை நான் வரைந்து, கீழே பதிலைக் குத்திவைப்பேன். மீன், நட்சத்திரம், குடை என்று பலகை நிறைய இருக்கும். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று பாதிப்பேர் இடது கையால் எழுதுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நான்கு ஓட்டைகள் வைத்த ஒரு பொத்தான் வந்தது. கீழே கோணல்மாணலாக, "வீட்ல ஒரு விஷயம் கேக்கணும். கேட்டா எல்லாருக்கும் மூஞ்சி மாறுது. எப்படிக் கேக்கறது மிஸ்?" என்று எழுதியிருந்தது. வீட்டில் உனக்கு அதிக நம்பிக்கை யாரிடமோ அவரிடம் போ, அவர் வேலையாக இல்லாத நேரம் பார்த்துக் கேள் என்று பதில் எழுதினேன். நல்ல பதில்தான். பாடப்புத்தகத்தில் இருக்கிற பதில்.

இரண்டாம் சீட்டு வந்தது. "கேட்டேன். மூணு நாளும் அப்புறம்னு சொல்லிட்டாங்க." எனக்கு ரத்தம் கொதித்தது அக்கா. சாப்பாட்டு நேரத்தில் உடற்பயிற்சி ஆசிரியரிடம் அதைக் காட்டி, இப்படிப்பட்ட ஜென்மங்கள் வீட்டில் ஏன் பிள்ளையை வைத்திருக்கின்றன என்று கத்தினேன். "எல்லா வீட்லயும் ஒரு அப்புறம் இருக்கும் மேடம்" என்றார் அவர். நான் விடவில்லை. 'தப்பு உன்மேல் இல்லை, அந்தப் பெரியவர்மேல். எப்போது என்று கேள். நாள் சொல்லாமல் அவரை விடாதே' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன்.

அன்று சாயங்காலம் பதினோராம் வகுப்பு விண்ணப்பங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குண்டூசி வந்து மேஜையோரம் நின்று, "எப்ப சித்தி?" என்றாள். நிமிர்ந்து பார்க்காமலே "எது எப்ப?" என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மூன்றாம் சீட்டு. அதை அப்படியே எழுதுகிறேன்: "எப்பன்னு கேட்டேன். எதுன்னே அவங்களுக்குத் தெரியல. அம்மா குட்டிச் சனிக்குப் பேசறப்ப சீக்கிரம் வரேன்னு சொல்றாங்க. சீக்கிரம்னா எத்தனை நாள்? நீங்களே சொல்லுங்க மிஸ்."

குட்டிச் சனி. இந்த உலகத்தில் வெள்ளிக்கிழமையை அப்படிச் சொல்கிறவர்கள் மூன்றே பேர். பள்ளி முடிந்ததும் பாதி லீவு வந்துவிட்டது, ஆகவே இது சனிக்கிழமையின் குட்டி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான். பெயரைக் கேட்டால் யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நான் சிரித்தது நினைவிருக்கிறதா? அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஜென்மம் நான்தான்.

வீட்டுக்கு வந்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். என்னிடமே கேட்டிருக்கலாமே, எதற்குப் பெட்டியில் போட்டாய் என்றேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"அங்கதான் நீ பதில் சொல்ற சித்தி."

அன்றைக்கு நான் தூங்கவில்லை. என் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டேன், அவளிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் காகிதம் எதையும் தொடுவதில்லை. இனி உன் தப்புக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டு வெளிநாடு போனாய். வருஷம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'பாப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லு, உனக்குத்தான் அது வேலையாச்சே' என்று எனக்கு எழுதுகிறாய். வேலைதான். ஆனால் யார் வாக்குக் கொடுத்தார்களோ அவர்கள்தான் அதை முறித்ததையும் சொல்ல வேண்டும் என்று ஊர் அம்மாக்களுக்கெல்லாம் சொல்வதும் அதே வேலைதான்.

உன்னை எனக்குப் புரியாமல் இல்லை. அத்தான் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு போன பிறகு இந்த வீட்டை நிமிர்த்தியது நீ. என்னைப் படிக்கவைத்ததும் நீ. யாரோ ஒருவரின் அம்மாவுக்கு நீ அங்கே தலை வாரிவிடுகிறாய். அந்த யாரோ ஒருவருக்கு நேரமில்லை. நான் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளின் பேச்சைக் கேட்கிறேன். அவர்கள் வீட்டிலும் யாருக்கும் நேரமில்லை. இதற்கிடையில் நம் வீட்டுப் பிள்ளை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவன் எவனோ, அவன் கையில் கிடைத்தால் பேசிக்கொள்கிறேன். ஆனால் அவள் அம்மா அவன் இல்லை, நீ.

பலகையில் பொத்தானை வரைந்திருக்கிறேன். கீழே எதுவும் எழுதவில்லை. ஒன்பது நாளாக அது காலியாக இருக்கிறது. வரும் குட்டிச் சனிக்கு நீயே அவளிடம் சொல்.

அன்புடன்,
உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். இரண்டு வெள்ளிக்கிழமைகளாக நீ கூப்பிடவில்லையே, அதிலிருந்தே தெரிகிறது. 'வேலை அதிகம், அடுத்த வாரம் பேசறேன்' என்று செய்தி மட்டும் வந்தது. கோபமாக எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். எழுதியதற்கு வருத்தப்படவில்லை.

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. நீல நிற ஷூ, அழகாக இருக்கிறது. குண்டூசி குதித்துக்கொண்டு காலை நுழைத்தாள். முன்னால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. உள்ளே நீ வைத்த சீட்டையும் அவளே படித்தாள். 'கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், வளர வளரப் போட்டுக்கோ கண்ணு.'

குதிப்பது நின்றது. உள்ளே போய்ப் பழைய ஷூக்களைக் கொண்டுவந்தாள். எதையும் தூக்கிப்போட விடமாட்டாள், உனக்குத் தெரியும். தரையில் வரிசையாக அடுக்கி, அடியில் இருக்கும் எண்களைப் படித்து, நோட்டில் ஏதோ எழுதினாள். அப்புறம் ஷூக்களைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். நானாக வாய் திறக்கப் போனேன். "நீ சொல்லாத சித்தி" என்றாள். எழுந்து போய்ச் சோறு போட்டேன்.

மறுநாள் நூலகத்துப் பெட்டியில் பொத்தான் சீட்டு விழுந்தது. இந்த முறை வலது கையால், வகுப்பு நோட்டில் எழுதுவதுபோல் தெளிவாக: "வருஷத்துக்கு ஒரு சைஸ் ஏறுது. இது ரெண்டு சைஸ் பெருசு. அப்ப இன்னும் ரெண்டு வருஷமா? அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. ஆமாவா இல்லையா மட்டும் போதும்."

நீ வாயால் சொல்லாததை உன் ஷூ சொல்லிவிட்டது. கணக்கில் அவள் கெட்டிக்காரி என்று பெருமைப்படுவாயே, பெருமைப்பட்டுக்கொள்.

ஏன் பொத்தான் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன் சாம்பல் நிறக் கோட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லாமல் நீ விமானம் ஏறினாய். அவள் பிடித்த பிடியில் அது அறுந்து கையோடு வந்துவிட்டது. இன்னும் அவள் பென்சில் டப்பாவில் இருக்கிறது. இங்கே யாரும் உன்மேல் கோபமாக இல்லை அக்கா. என்னைத் தவிர. எனக்கும் சாயங்காலத்துக்குள் தணிந்துவிடும்.

தினமும் பள்ளி விட்டதும் பலகைக்கு முன்னால் நிற்கிறாள். மற்ற பிள்ளைகளின் பதில்களை எல்லாம் படித்துவிட்டுக் கடைசியாகத் தன் இடத்தைப் பார்க்கிறாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. குண்டூசி கேள்வி கேட்காமல் நடந்து வருவதை நீ பார்த்ததில்லை.

இடுப்புப் பட்டையைக் கழற்றாதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு.

நாளைக்குக் குட்டிச் சனி. நாலு மணிக்குப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விடுவேன். ஒரே ஒரு வார்த்தை சொல். ஆமாவா, இல்லையா?

உன் தங்கை